விமானியின் கணக்கில் வராத மணி நேரங்கள்

ஒரு விமானி ஓராண்டில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அமெரிக்காவில் இதுதான் விதி, இந்தியாவிலும் இதுதான். நாளுக்கு 8 மணி நேரம் வேலை பார்க்கும் அலுவலக ஊழியர் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் உழைக்கிறார். பாதி நேரம் வேலை பார்ப்பவருக்கு எதற்கு இத்தனை ஓய்வு? விமானிகளின் புதிய ஓய்வு விதிகளையொட்டி 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டமாக ரத்தானபோது, விமான நிலையங்களில் குழந்தை குட்டிகளோடு தவித்து நின்றவர்கள் பலர் இப்படிக் கேட்டார்கள். கோபத்தில் பிறந்த கேள்விதான். ஆனாலும் அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த 1,000 மணி நேரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் சக்கரம் நின்றதும் கடிகாரமும் நின்றுவிடுகிறது. முன்கூட்டியே வந்து, மது அருந்தவில்லை என்று ஊதிக் காட்டி, வானிலைத் தாள்களைப் படித்து, எரிபொருள் கணக்குப் போட்டு, விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கும் நேரம் அதில் இல்லை. ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வெயிலில் காயும் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் இல்லை. சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, எப்போது தொலைபேசி ஒலிக்கும் என்று வீட்டில் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாளும் இல்லை. பணி நேரத்துக்கென்று தனியாக ஒரு வரம்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பொதுவெளியில் எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் இந்த ஆயிரம்தான். அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் விமானிக்குச் சம்பளம் கணக்கிடப்படுவதும் இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான்.

சிறிய விமானத்தை ஓட்டுபவர் இந்தக் கணக்கில் இன்னும் அதிகமாக இழக்கிறார். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானி ஒருமுறை மேலேறி ஒருமுறை இறங்குவதற்குள் நான்கு மணி நேரம் கணக்கில் ஏறிவிடுகிறது. சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே ஏடிஆர் என்ற சிறிய விமானத்தை ஓட்டுபவர் அதே நான்கு மணி நேரத்தைச் சேர்க்க நான்குமுறை மேலேறி நான்குமுறை இறங்க வேண்டும். நடுவில் மூன்றுமுறை பயணிகளை இறக்கி, ஏற்றி, எடைக் கணக்கைச் சரிபார்த்து, மறுபடியும் எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு புறப்பாட்டையும் தரையிறக்கத்தையும் சேர்த்து விமானிகள் ‘செக்டர்’ என்கிறார்கள். உடம்பைக் களைக்கவைப்பது தூரம் அல்ல, செக்டர்களின் எண்ணிக்கை.

காரணம் எளிது. விமானப் பயணத்தில் ஆபத்து மிகுந்திருப்பது மேலேறும்போதும் இறங்கும்போதும்தான். மனம் முழுக் கவனத்தோடு இருக்க வேண்டிய நிமிடங்கள் அவை. பெரிய ஜெட் விமானம் மழைமேகங்களுக்கு மேலே 35,000 அடியில் போய் நிலைகொண்டுவிடும். சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. குறுகிய தூரப் பயணங்களில் அந்த உயரத்தையும் எட்டாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அதில் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மேகத்துக்கு மேலே அல்ல, மேகத்துக்கு உள்ளேயே ஓட்ட வேண்டிய வண்டி அது.

இந்த உழைப்பின் கதையை முழுமையாகப் பதிவுசெய்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே சிறு நகரங்களைப் பெருநகரங்களோடு இணைக்கும் வேலையைப் பிராந்திய விமான நிறுவனங்கள் செய்கின்றன. விமானத்தின் மேல் எழுதியிருப்பது அமெரிக்கன் ஈகிள், யுனைடெட் எக்ஸ்பிரஸ், டெல்டா கனெக்‌ஷன் என்ற பெரிய பெயர்கள். உள்ளே ஓட்டுபவருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் வேறொரு சிறிய நிறுவனம். பெரிய நிறுவனம் இருக்கைகளை மொத்தமாக ஒப்பந்தம் பேசி வாங்கிக்கொள்கிறது. குறைந்த செலவில் ஓட்டிக்காட்டும் சிறிய நிறுவனத்துக்கு வேலை கிடைக்கிறது. எரிபொருள் விலையை யாரும் குறைக்க முடியாது. விமானத்தின் விலையையும் குறைக்க முடியாது. எனவே போட்டியெல்லாம் மனிதர்களின் சம்பளத்திலும் நேரத்திலும் வந்து விடிகிறது.

2009 பிப்ரவரி 12 இரவு நியூவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் புறப்பட்ட கான்டினென்டல் கனெக்‌ஷன் 3407 விமானம் இப்படித்தான் ஓடியது. பயணச்சீட்டில் கான்டினென்டல் பெயர்; ஓட்டியது கோல்கன் ஏர். இறங்கப்போகும் நேரத்தில் வேகம் குறைந்து, எச்சரிக்கைக் கருவி கைப்பிடியை அதிரச் செய்தது. விமானத்தின் முனையைக் கீழே தாழ்த்த வேண்டிய கேப்டன் மேலே இழுத்தார். கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மீது விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள்.

விசாரணையில் கேப்டன், துணை விமானி இருவரின் முந்தைய நாட்கள் வெளியே வந்தன. துணை விமானி 24 வயதுப் பெண். வேலை நியூவர்க்கில், வீடு நாட்டின் மறுகோடியில் சியாட்டிலுக்கு அருகே. முந்தைய நாள் மாலை அங்கே புறப்பட்டு, சரக்கு விமானத்தில் இடம் கேட்டு ஏறி, மெம்பிஸில் விமானம் மாறி, காலை ஆறரை மணி வாக்கில் நியூவர்க் வந்து சேர்ந்தார். விமானிகள் அறையில் கிடைத்த இடத்தில் சற்றே கண்ணயர்ந்தார். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். அவரும் அதற்கு முந்தைய இரவை அதே அறையில்தான் கழித்தார். அதிகாலை மூன்று மணியளவில் அவர் நிறுவனத்தின் கணினியைத் திறந்து பார்த்ததற்குப் பதிவு இருக்கிறது. அந்த அறையில் இரவு தங்கக் கூடாது என்று நிறுவனம் விதி போட்டிருந்தது. விதி இருந்தது, தங்குவதற்கு வேறு இடம்தான் இல்லை.

அந்தப் பெண்ணின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 16,000 டாலர். நியூவர்க் பக்கம் அந்தப் பணத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. அன்று அவருக்குச் சளியும் பிடித்திருந்தது. வீட்டிலேயே இப்படி இருந்திருந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டிருப்பேன், இவ்வளவு தூரம் வந்தபிறகு சொன்னால் விடுதிக்குக் கையிலிருந்து செலவழிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் கேப்டனிடம் பேசியது குரல்பதிவுக் கருவியில் கிடைத்தது. இந்த ஒரு பேச்சைப் படித்த பிறகு ‘விமானியின் தவறு’ என்ற இரண்டு சொற்களோடு அந்த விபத்தை என்னால் மூடிவைக்க முடியவில்லை. அவர் மட்டுமா? நியூவர்க்கைத் தளமாகக் கொண்ட 137 கோல்கன் விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள். 49 பேரின் வீடு 400 மைலுக்கு அப்பால்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேப்டனின் தவறான கைச்செயலையே விபத்துக்குக் காரணமாக எழுதியது. களைப்பு இருவரின் செயல்திறனையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று தீர்மானிக்க முடியவில்லை என்றது. வாரியத்தின் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் அதை ஏற்கவில்லை. விபத்துக்குத் துணைநின்ற காரணங்களில் ஒன்றாகக் களைப்பையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். அவர் பக்கமே நியாயம் என்பது என் துணிபு. ரத்தத்தில் மதுவை அளக்கலாம். தூக்கமின்மையை அளக்கக் கருவி இல்லை. அளக்க முடியவில்லை என்பதற்காகவே களைப்பு எத்தனையோ விசாரணை அறிக்கைகளிலிருந்து தப்பித்துப் போயிருக்கிறது.

அளவு தெரியாவிட்டாலும் அதன் தன்மை தெரியும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் செயல்திறனுக்குச் சமமாக இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியிலேயே காட்டினார்கள். களைத்தவரின் மூளைக்குத் தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதும் தெரிவதில்லை. ‘முடியவில்லை என்றால் சொல்லிவிட வேண்டியதுதானே’ என்று விமானியிடம் கேட்பதில் உள்ள கோளாறு இதுதான்.

கோல்கன் விபத்து முதல் எச்சரிக்கை அல்ல. 2004 அக்டோபர் 19 அன்று மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு சிறிய ஜெட்ஸ்ட்ரீம் விமானம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அந்த விமானிகளுக்கு அது அன்றைய ஆறாவது பயணம். பணிக்கு வந்து 14 மணி நேரம் கடந்திருந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று ஹவாயில் ஹோனலூலுவிலிருந்து ஹிலோவுக்குப் பறந்த ஒரு விமானத்தில் கேப்டன், துணை விமானி இருவருமே உறங்கிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல், பளீரென்ற வெளிச்சத்தில். ஏறத்தாழ 18 நிமிடங்கள் கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. 40 பயணிகளோடு விமானம் ஹிலோவைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்விட்டது. நல்லவேளையாக விழித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து ஓடிய மூன்றாவது நாள் அது. கேப்டனுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இரவில் ஓட்டினால்தான் களைப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பகல்நேரச் சம்பவத்தை மறக்கக் கூடாது.

3407 விமானத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டினார்கள். 2010 ஆகஸ்ட்டில் புதிய சட்டம் வந்தது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றது அது. பயணச்சீட்டு விற்கும்போதே உண்மையில் விமானத்தை ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது. களைப்பைக் கருத்தில் கொண்டு வேலை நேர விதிகளைத் திருத்தவும் ஆணையிட்டது. அப்படி எழுதப்பட்ட விதிகள் 2014 ஜனவரி 4 முதல் நடப்புக்கு வந்தன.

பழைய விதியில் விமானியின் ஓய்வை 8 மணி நேரம் வரை சுருக்கிவிட முடியும். விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, குளித்து, திரும்பி வரும் நேரமும் அந்த எட்டுக்குள் அடக்கம். மிச்சம் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பாக்கியம். புதிய விதி 10 மணி நேர ஓய்வு கேட்டது. அதில் இடையூறில்லாமல் 8 மணி நேரம் உறங்க வாய்ப்பும் கேட்டது. நான் முக்கியமாகக் கருதுவது அதன் அட்டவணையை. எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, அன்று எத்தனை பயணம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் பணி நேரம் முடிவாகிறது. காலை 7 மணிக்குத் தொடங்கி இரண்டு பயணம் மட்டும் என்றால் 14 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம். அதே ஏழு மணிக்குத் தொடங்கி ஏழு பயணம் என்றால் பதினொன்றரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் தொடங்கினால் ஒன்பதுதான். செக்டர்களின் பளு சட்டத்தின் கண்ணில் பட்ட இடம் அது.

குறைகள் இல்லாமல் இல்லை. சரக்கு விமானங்களை அந்த விதிகளிலிருந்து விட்டுவிட்டார்கள்; பெட்டிகளைச் சுமந்து போகிறவருக்கு மட்டும் தூக்கம் வேறு மாதிரியா வரும்? வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் பயணமும் விமானியின் சொந்தப் பொறுப்பாகவே நீடிக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் அடுக்குக் கட்டில் அறைகள் அமெரிக்க விமான நிலையங்களைச் சுற்றி இன்றும் உண்டு, ‘கிராஷ்பேட்’ என்பார்கள். ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணை பணிமூப்புப்படி அமைகிறது. மூத்தவர்கள் தங்களுக்கு வேண்டிய பயணங்களையும் விடுமுறைகளையும் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மீந்த அதிகாலைகளும் பண்டிகை நாட்களும் ஸ்டாண்ட்பை நாட்களும் புதிதாய் வந்தவருக்கு. அனுபவம் குறைந்தவருக்கே கடினமான அட்டவணை என்ற இந்த ஏற்பாடு நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பளத்தில் மட்டும் மாற்றம் வந்தது. அதுவும் இரக்கத்தால் வரவில்லை. கோவிட் காலத்தில் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வுபெற, பெரிய நிறுவனங்கள் சிறியவற்றிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டன. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் பிராந்திய நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. அதற்குள் நட்டம் வேறெங்கோ விழுந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், விமானிகள் இல்லை என்று சொல்லி, அரசு மானியத்தில் இயங்கிய 29 சிற்றூர்ச் சேவைகளிலிருந்து விலக அனுமதி கேட்டது. ஆள் தட்டுப்பாடு என்றால் முதலில் வெட்டுப்படுவது சின்ன ஊர்தான். விமானியின் வாழ்க்கையும் சேலம் போன்ற ஊர்களின் வானமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

நம் நாட்டில் சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நடுத்தரக் குடும்பங்களின் கனவு அது, குறை சொல்ல மனம் வராது. சென்னை–சேலம் சேவை 2018 மார்ச்சில் அந்தத் திட்டத்தில்தான் தொடங்கியது. நடுவில் நின்றுபோய் 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. ஆனால் கட்டணத்துக்கு மேல்வரம்பு கட்டி, வழித்தடங்களை ஏலத்தில் விட்டு, ஒரு விமானத்தை ஒரு நாளில் எத்தனைமுறை முடியுமோ அத்தனைமுறை ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை வரும்போது, அந்தக் கணக்கின் கடைசி வரியில் ஒரு மனிதரின் தூக்கம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

பேசியதெல்லாம் இரவைப் பற்றித்தான். அதற்குக் காரணம் உண்டு. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் கருகினார்கள். கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி உறங்கியதையும், விழித்த பின்னும் தெளியாத மயக்கத்தையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. 2024 ஜனவரியில் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட புதிய விதிகள் அந்தத் திசையில் நல்ல விதிகள். வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது அதிகாலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீண்டது. இரவு நேரத்தில் ஆறுமுறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அமெரிக்காவில் வாரத்துக்கு 30 மணி நேரத் தொடர் ஓய்வுதான் கட்டாயம். தாளில் நம் விதி அதைவிட உயர்ந்தது.

தாளில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நிறுவனங்கள் எதிர்த்ததால் விதிகள் தள்ளிப்போயின. விமானிகள் டெல்லி உயர் நீதிமன்றம் சென்ற பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலாயின. அறிவிப்புக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே 22 மாதங்கள். அத்தனை மாதங்கள் கையில் இருந்தும் நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ போதிய விமானிகளை வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அன்றே டிஜிசிஏ, விடுப்பு நாளை வாராந்தர ஓய்வாகக் கழிக்கக் கூடாது என்ற விதியைத் திரும்பப் பெற்றது. அந்த நிறுவனத்தின் ஏர்பஸ் 320 விமானங்களுக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. திட்டமிடத் தவறியது நிறுவனம்; ஓய்வை இழந்தது விமானி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக முடியாமல் நின்ற பயணிகளின் துயரம் உண்மை. அந்தத் துயரத்தைக் காட்டியே பாதுகாப்பு விதி தளர்த்தப்பட்டதுதான் பெரிய அநீதி.

வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். இந்திய விமானி அப்படியும் போய்விட முடியாது. 2017-ல் வந்த விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பயிற்சிக்காக வாங்கிய வங்கிக் கடன் வேறு. ரயில் ஓட்டுநர்களும் வாராந்தர ஓய்வுக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வருகிறார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பலர் உயிரைக் கையில் வைத்திருப்பவர்கள் கெஞ்சிக் கேட்டுப் பெறும் பொருளாக உறக்கம் நம் நாட்டில் ஆகிவிட்டது.

டிஜிசிஏ செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இரவு விதிகளுக்குத் தந்த அதே அக்கறையைப் பகலில் பல செக்டர் ஓட்டும் சிறிய விமானங்களுக்கும் தரட்டும். விடியற்காலைத் தொடக்கங்களைத் தொடர்ந்து எத்தனை நாள் கொடுக்கலாம் என்பதற்குக் கறாரான எல்லை வைக்கட்டும். வெளியிட்ட ரோஸ்டரைக் கடைசி நேரத்தில் மாற்றினால் அதற்கு நிறுவனம் விலை கொடுக்கும்படி செய்யட்டும். களைப்பாக இருக்கிறது என்று விமானி தரும் அறிக்கைகள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்கப்பட்டன என்பதை நிறுவனவாரியாகப் பொதுமக்கள் முன் வைக்கட்டும். குளிர்கால, கோடைகால அட்டவணைகளுக்கு அனுமதி தரும்போதே, இத்தனை விமானத்தை ஓட்ட உங்களிடம் ஓய்வெடுத்த விமானிகள் எத்தனை பேர் என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியை 2025 அக்டோபரில் கேட்டிருந்தால் டிசம்பர் அப்படி விடிந்திருக்காது.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, விமானம் தாமதமாகும் என்று அறிவித்தால், கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். மாற்று விமானியை ஏன் வைத்திருக்கவில்லை என்று நிறுவனத்துக்கும் டிஜிசிஏவுக்கும் எழுதிக் கேளுங்கள்.